கூடை மட்டும் திரும்பி வந்தது

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஆண்டுக் கணக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித்தான் காலத்தைக் காட்டுவார். கூப்பன் அரிசி வந்த வருஷம், மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் பிழைத்த வருஷம், பெரியம்மா கப்பலேறிய வருஷம். அந்த வரிசையில் ஒன்று மட்டும் என் சிறுவயது முழுவதும் புதிராகவே இருந்தது: “வெள்ளைக்காரத் துரையைப் போலீஸ் தேடிவந்த வருஷம்.” துரை சொன்னால் போலீஸ் தொழிலாளியைத் தேடும். துரையையே போலீஸ் தேடுமா? கிழவி எதையோ எதனோடோ சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வருஷத்தில்தான் அவருடைய சின்னம்மா காணாமற்போனார்.

அம்மாயி சொன்னது இவ்வளவுதான். அவருக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது. இலங்கை மலையகத்தில், தும்பறை மலைத்தொடரின் சரிவில், மடுல்கெலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா, பத்து அறைகள். அவர்களுடையது கடைசிக் காம்பரா. அதில் அவருடைய அம்மா, அப்பா, அம்மாவின் தங்கை, மூன்று பிள்ளைகள். தங்கைக்குப் பதினேழு வயது இருக்கலாம். எல்லோரும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் அந்தியில் மற்றப் பெண்கள் எல்லோரும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சின்னவள் வரவில்லை. விளக்கு வைத்த பிறகும் வரவில்லை. மறுநாள் விடிவதற்கு முன் கதவைத் திறந்தபோது அவளுடைய கூடை வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது தெரியவில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கேட்டதற்குக் கங்காணி ஒரே சொல்லில் பதில் சொன்னார்: ஓடிப்போய்விட்டாள். அன்றைக்கே அம்மாயியின் அம்மா அந்தக் கூடையின் கயிற்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அவருடைய சொந்தக் கூடை அடி கிழிந்திருந்ததாம்.

இந்தக் கடைசி விவரத்தை அம்மாயி எந்த அழுத்தமும் இல்லாமல் சொல்வார். அதைக் கேட்ட பிறகு எனக்குத்தான் தூக்கம் வராது.

பல வருடங்கள் கழித்து, வேறொரு வேலையாகக் கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1937 ஏப்ரல், மே மாதங்களின் தாள்களில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பிரேஸ்கர்டில். படிக்கப் படிக்க என் கை நடுங்கத் தொடங்கியது. அம்மாயி எதையும் எதனோடும் சேர்த்துச் சொல்லவில்லை.

மார்க் அந்தனி பிரேஸ்கர்டில் 1936இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பழக இலங்கைக்கு வந்த இளைஞர். மடுல்கெலையில் ரெலுகஸ் தோட்டத்தில் பயிற்சித் துரையாக இருந்தார். தொழிலாளர் பக்கம் பேசியதால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் நடந்த பெரிய கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா பேசிய அதே மேடையில், இவரும் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார். தோட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஏப்ரல் 22 அன்று ஆளுநர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார். 24ஆம் தேதி மாலைக்குள் கப்பலேற வேண்டும். அவர் ஏறவில்லை. கட்சித் தோழர்கள் அவரை ஒளித்துவைத்தார்கள்.

பதினோரு நாட்கள் போலீஸ் தேடியது. மே 5 அன்று காலிமுகத் திடலில் ஐம்பதாயிரம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் கூட்டத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் மேடையில் தோன்றினார். அதே நாள் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் ஆளுநருக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர்கள் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும். (நான் உட்கார்ந்து படித்த காப்பகம் இருக்கும் வீதிக்கு இன்று பிலிப் குணவர்த்தனவின் பெயர்தான். அன்று மாலை வெளியே வந்து அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் வெகுநேரம் நின்றேன்.) பிறகு பிரேஸ்கர்டில் கைதானார். ஆட்கொணர்வு மனு போட்டார்கள். மே 18 அன்று உயர் நீதிமன்றம் கட்டளை செல்லாது என்று சொல்லி அவரை விடுவித்தது.

சட்டத்தின் வரலாற்றில் இது பெருமைக்குரிய வழக்கு. ஆளுநர் நினைத்தால் ஒரு மனிதரைத் தூக்கி எறிந்துவிட முடியாது என்று அன்றைக்கு உறுதியானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பதினோரு நாட்களில் ஒரு நாள் எங்கள் லயத்துக்குப் போலீஸ் வந்தது என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. அம்மாயி பார்த்திருக்கிறார்.

காக்கி உடுப்போடு மூன்று பேர். கூடவே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஒவ்வொரு காம்பராவாகக் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் யாராவது வந்தாரா, யாராவது சோறு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கடைசிக் காம்பராவுக்கு வந்தபோது அம்மாயியின் அம்மா அவர்கள் காலில் விழுந்து, என் தங்கையைக் காணவில்லை, அவளையும் சேர்த்துத் தேடுங்கள் ஐயா என்று கதறியிருக்கிறார். போலீஸ்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. கணக்கப்பிள்ளைதான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்பது லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. போலீஸ்காரர்களில் ஒருவர் சிரித்ததை மட்டும் அம்மாயி நினைவில் வைத்திருந்தார்.

இந்தக் காட்சியை எழுதத்தான் நாவல் தொடங்கினேன். ஒரே மலை, ஒரே வாரம், இரண்டு பேரைக் காணவில்லை. ஒருவருக்காக நாடே எழுந்து நின்றது. இன்னொருத்திக்காகக் கேட்ட ஒரே கேள்வியும் மொழிபெயர்ப்பில் தொலைந்தது. அந்த இடத்துக்கு ஒரு பெண் நிருபரை அனுப்பிவைத்தால் என்ன நடக்கும்? பத்திரிகை அலுவலகம் அவளை வெள்ளைக்காரரைப் பற்றிய செய்திக்காக மலைக்கு அனுப்புகிறது. அவள் சின்னவளைப் பற்றிய செய்தியோடு திரும்பப் பார்க்கிறாள்.

நான் எழுதுவது துப்பறியும் நாவல் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மலையகத் துயரத்தைத் திகில் கதையாக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பல இரவுகள் அதை யோசித்திருக்கிறேன். எங்கள் கதைகளில் பெரும்பகுதி ஒப்பாரியின் சாயலில் இருக்கிறது. இன்னார் செத்தார் என்று தெரிந்த பிறகு பாடுவது ஒப்பாரி. சின்னவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஓடிப்போனவளுக்கு ஒப்பாரி வைத்தால், அவள் ஓடவில்லை, செத்துவிட்டாள், யாரோ சாகடித்தார்கள் என்று பெரட்டுக் களத்தில் நின்று சொல்வதற்குச் சமம். அம்மாயியின் அம்மாவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மூன்று பிள்ளைகளும் ஒரு காம்பராவும் இருக்கும்போது யாருக்குத்தான் இருக்கும்? துப்பறியும் கதை, காணாமற்போன ஒருவரைத் தேடியே தீர வேண்டும் என்ற இடத்தில் தொடங்குகிறது. எனக்கு வேண்டியது அந்தத் தொடக்கம்தான்.

ஆனால் எழுதத் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. வழக்கமான துப்பறியும் கதையில் காணாமற்போனவர் தன் பின்னால் எதையாவது விட்டுப்போவார். கடிதம், வங்கிக் கணக்கு, புகைப்படம், அண்டை வீட்டாரின் சாட்சி. 1937இல் ஒரு தோட்டத்துப் பெண் எதை விட்டுப்போவாள்? அவளைப் பற்றி எழுதப்பட்ட ஒரே காகிதம் செக்ரோல், தோட்டத்தின் வேலைப் பதிவேடு.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றே பெயர். சொன்ன அளவு றாத்தல் பறித்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் பெண்கள் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டே உனக்கு எத்தனை பேர், எனக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பார்கள். செக்ரோலில் பேர் இருந்தால்தான் காம்பரா, அரிசி, கம்பளி. பேரை வெட்டிவிட்டால் அந்த மலையில் நீங்கள் நிற்க ஓர் அடி மண் இல்லை. ஒரு மனிதரின் பெயரும், அவருடைய உழைப்பும், அவர் அங்கே இருப்பதற்கான உரிமையும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன. மூன்றையும் ஒரே கோட்டில் அடித்துவிடலாம்.

எங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன். 1930களின் பதிவேடுகள் எதுவும் அங்கே இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளுக்குப் போனது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் பழைய காகிதம் பாரம் என்று எரித்தார்கள், அல்லது நிறைக்கு விற்றார்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், தேநீரும் கொடுத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். எரிக்கக் கொண்டுபோன கட்டிலிருந்து சில செக்ரோல்களைத் தூக்கிவந்து பரணில் வைத்திருந்தார். எல்லாம் 1950களைச் சேர்ந்தவை. எனக்கு வேண்டிய ஆண்டு இல்லை, வேண்டிய தோட்டமும் இல்லை. ஆனாலும் அந்தப் பிற்பகல் எனக்கு முக்கியமானது.

பெரிய தாள், நீல மசி. இடது ஓரத்தில் பெயர்கள். மேலே 1 முதல் 31 வரை தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் முழுப்பேருக்கு ஒரு குறி, அரைப்பேருக்கு ஒரு குறி. வலது ஓரத்தில் பிடிப்புகள்: அரிசி, முற்பணம், கம்பளி, டோபி. கிளாக்கர் ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். ஒரு பெண்ணின் பெயர். 17ஆம் தேதிவரை வரிசையாக முழுப்பேர். 18ஆம் தேதி அரைப்பேர். அதன்பின் மாதக் கடைசிவரை வெறும் கோடுகள். அடுத்த மாதத் தாளை எடுத்தார். அந்தப் பெயர் இல்லை. அவளுக்குக் கீழே இருந்தவள் ஒரு வரி மேலே ஏறியிருந்தாள். அவளுக்குக் கீழே இருந்தவளும் ஏறியிருந்தாள். இடைவெளி ஒன்றும் இல்லை. மை ஒரே சீராக ஓடியிருந்தது.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போயிருக்கலாம், நோயில் விழுந்திருக்கலாம், இந்தியாவுக்குத் திரும்பியிருக்கலாம் என்று அடுக்கினார். சற்று நேரம் கழித்து, எதுவானாலும் இந்தத் தாளில் இப்படித்தான் இருக்கும் அம்மா என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் அந்தக் கோடுகளைப் போட்டவர். அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

அன்று இரவு என் நாவலின் எலும்பு கிடைத்தது. என் நிருபர் ரத்தக் கறையைத் தேடக் கூடாது. அவள் தேட வேண்டியது, யாருடைய பெயர் எந்த மாதம் ஒரு வரி மேலே ஏறியது என்பதை.

‘ஓடிப்போனாள்’ என்ற சொல்லையும் அவள் தோண்டியாக வேண்டும். கேட்பவர்களுக்கு அது காதலன் கையைப் பிடித்துக்கொண்டு போன கதையாக ஒலிக்கும். தோட்டத்தில் அந்தச் சொல்லின் வேர் வேறு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் அடையாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆட்களை விலைபேசுவதற்கு அந்தச் சீட்டே போதும். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. ஆனால் துண்டு இல்லாமல் போனவரைக் குறித்த சொல் லயங்களில் அப்படியே தங்கிவிட்டது. ஓடிப்போனவர் என்றால் குற்றம் செய்தவர். அவரைத் தேடுவது தோட்டத்தின் வேலை, உறவினரின் வேலை இல்லை. தேடவில்லை என்றால் அதுவும் தோட்டத்தின் விருப்பம். கங்காணி அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னபோது எழுபது வருடச் சட்டத்தின் பாரத்தையும் சேர்த்தே சொன்னார். அம்மாயியின் அம்மா ஏன் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது.

அந்தக் காலத்தில் பெண் நிருபரா என்று கேட்பவர்கள் மீனாட்சி அம்மையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார். 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் எழுதியவர், அதை நடத்தும் பொறுப்பில் தோள் கொடுத்தவர். தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாடல்களைப் பாடுவார். அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. எழுத்துத் தெரியாத மக்களுக்குச் செய்தியைப் பாட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பத்திரிகையாளர் அவர். என் நிருபர் அவரில்லை. வாழ்ந்த ஒருவர் வாயில் நான் எழுதிய வசனத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் நிருபர், கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று மீனாட்சி அம்மையின் பாட்டைக் கேட்டு, நானும் எழுதுவேன் என்று வீட்டுக்குப் போன ஒருத்தி.

அவளை எப்படித் தோட்டத்துக்குள் நுழைப்பது என்பதே அடுத்த கேள்வி. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் லயத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுக்கலாம். அதனால்தான் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில், தோளில் துணி மூட்டையோடு லயம் லயமாகப் போய் மக்களின் நிலையை அறிந்தார். அவர் பிறகு 1931இல் தொழிற்சங்கத்தை அமைத்தார், 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். ஆனால் அந்த மூட்டையோடு நடந்த நடைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

என் நிருபர் வளையல் பெட்டியோடு போகிறாள். வத்தேகமையில் ரயிலைவிட்டு இறங்கி, பன்வில வழியாக மலை ஏறுகிறாள். புடவை வியாபாரி இஸ்தோப்புவரைதான் போகலாம், பேரம் பேசும் ஆண்களோடுதான் பேசலாம். வளையல்காரி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். கண்ணாடி வளையல் ஏற ஏற முட்டி வலிக்கும், அந்த வலியில் பெண்கள் பேசுவார்கள். என் அம்மா வளையல் போடும்போது அப்படித்தான், ஊர்க் கதை முழுவதும் வெளியே வரும். கையைப் பிடித்தால் வேறு பலவும் தெரியும். கொழுந்துக் கறை படிந்த விரல் நுனி, வெடித்த கட்டைவிரல், கவ்வாத்துக் கத்தி இறங்கிய தழும்பு. மணிக்கட்டில் ஐந்து விரல்கள் அழுந்திய நீலத் தடம் ஒருத்திக்கு இருக்கிறது. நிருபர் வளையலை அதற்கு மேலே ஏற்றாமல் நிறுத்துகிறாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நாவலில் நான் எழுதியவற்றில் எனக்கு உண்மையாகப் படும் பக்கம் இதுதான்.

துரையை வில்லனாக்கிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். முதல் வரைவில் அதைத்தான் செய்தேன், பிறகு கிழித்துப்போட்டேன். துரைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் சின்னவளைக் காணாமல் ஆக்க ஒரு கொடியவன் போதாது. பேரை வெட்டியவர் ஒருவர். தவறாக மொழிபெயர்த்தவர் இன்னொருவர். கூடையை இருட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போனவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் நல்லவராகவும் இருந்திருக்கலாம், லயத்திலேயே ஒருவராக இருந்திருக்கலாம். எங்கள் ஆட்களே எங்கள் ஆட்களுக்குச் செய்ததை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. எழுதாமல் விடமாட்டேன்.

மூன்று வருடம் கழித்து, 1940 ஜனவரி 10 அன்று, முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கு விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். கோவிந்தன் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அவரைச் சுற்றிச் சங்கம் இருந்தது, கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள் என்பதால்தான். சின்னவளைச் சுற்றி இருந்தது ஒரு அக்காள் மட்டுமே.

இதெல்லாம் பழைய காலத்துக் கதை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் மீரியபெத்தையைப் பற்றிக் கேட்டேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அன்று ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் வந்துகொண்டே இருந்தது. பலருடைய உடல் இன்றுவரை மண்ணுக்குள்தான் இருக்கிறது. செய்தியைக் கேட்டபடி நான் வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எண் மாறும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் வந்தது, கீழே இருந்த பெயர் ஒரு வரி மேலே ஏறும் அந்தத் தாள்.

நாவலின் முதல் அத்தியாயத்தை நான்கு தடவை எழுதிவிட்டேன். விடியலுக்கு முன்னுள்ள இருட்டு, கதவு திறக்கிறது, இஸ்தோப்பில் வெறும் கூடை. தலைக்கயிறு மழையில் ஊறியிருக்கிறது. அதில் நீளமான முடி ஒன்று சிக்கியிருக்கிறது. நிருபருக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘பேர்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு பொருள் என்று அறிந்த பிறகு ஒரு பெயரைச் சட்டென்று எடுத்து ஒட்ட முடியவில்லை.

சின்னவளின் உண்மையான பெயராவது யாருக்காவது தெரியுமா என்று சென்ற மாதம் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கூடலூரில் இருக்கிறார். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த 525,000 பேரில் அவரும் ஒருவரானார். எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலேறிப் போனார். அங்கேயும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துதான் பறித்தார். அம்மாயியின் மூத்த மகள் அவர். கப்பலேறுவதற்கு முதல் நாள் இரவு தாயும் மகளும் தூங்கவே இல்லை என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

பெயர் பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. சின்னவள் என்றுதான் அம்மா சொன்னாள் என்றார். சரி என்று நாவலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். வெறும் கூடை என்ற இடத்தில் அவர் குறுக்கிட்டார்.

“கூடை வெறுமையாக இருக்கவில்லையே மகள்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“கூடை நிறையக் கொழுந்து இருந்தது. வாடிப்போய்க் கிடந்தது. லயத்தில் கொழுந்தைக் கண்டால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயந்து, விடிவதற்குள் லயத்துக்குப் பின்னால் சுரைக்கொடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தார்களாம். அம்மாதான் விளக்குப் பிடித்தாளாம். வெளியே சொன்னால் எல்லோருக்கும் பத்துச்சீட்டுக் கிழித்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அவளுடைய அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். கப்பலேறப் போகிறவள் என்பதால் என்னிடம் மட்டும் சொன்னாள்.”

எட்டு வயதுப் பிள்ளை விளக்குப் பிடித்திருக்கிறது. எங்களுக்கு அத்தனை தடவை கதை சொன்ன அம்மாயி, இதை ஒரு தடவைகூடச் சொல்லாமல் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் செத்துப்போனார்.

அந்தி நிறுவைக்குப் பின்னால் சின்னவள் ஓடிப்போனாள் என்பதுதான் கங்காணி சொன்ன கதை. நானும் அதை நம்பித்தான் நான்கு தடவை எழுதியிருந்தேன். பறித்த கொழுந்தைத் தராசில் வைக்காமல், பேர் வாங்காமல், கூடையைப் போட்டுவிட்டு எந்தப் பெண்ணும் தானாகப் போகமாட்டாள். அவள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரவே இல்லை. அப்படியென்றால் அன்றைய செக்ரோலில் அவள் பேருக்கு நேரே என்ன குறி போட்டார்கள், யார் போட்டார்கள்?

முதல் அத்தியாயத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இருட்டு, கதவு, கூடை. அக்காள் குனிந்து கையை உள்ளே விடுகிறாள். விரல்களில் ஈரக் கொழுந்து தட்டுப்படுகிறது.